அழுத்தும் முன் கேட்கவும்

காலையிலிருந்து மொழிபெயர்த்த அத்தியாயம் மொத்தமாகத் திரையிலிருந்து காணாமல் போய்விட்டது.

எந்த விசையில் கை பட்டதோ தெரியவில்லை. மாலைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

நான் தட்டச்சு செய்யும் இந்த எடிட்டர் மென்பொருளை என் கணினியில் ஏற்றியவர் என் கணவர்தான். அதில் கரைகண்டவர். கூப்பிடு தூரத்தில், பக்கத்து அறையில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

ஆனால் கூப்பிட முடியாது. போன வாரம் அவர், "உனக்கு இது வராது" என்று சிரிக்க, "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என் பேரை மாத்திக்கறேன்" என்று நான் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை.

எனக்கு வாய்த்த வாத்தியார் எடிட்டரின் உதவி விசைதான். அதை அழுத்திவிட்டு வேறு எந்த விசையைத் தொட்டாலும், அது என்ன வேலை செய்யும் என்று எழுதிக் காட்டும். ஒரே கேள்வியை நூறு முறை கேட்டாலும் சிரிக்காது. அது எவ்வளவு பெரிய குணம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

பதற்றத்தில் விரல் தானாகக் கன்ட்ரோல், இசட் பக்கம் போனது. பழைய மென்பொருளில் போனதை மீட்க அதைத்தான் அழுத்துவேன். இங்கே முதல் நாள் அப்படி அழுத்தப்போய், திரையில் எடிட்டர் சன்னலே மறைந்து, நான் "ஐயோ" என்று அலறியது வீடு முழுக்கக் கேட்டது.

சூடு கண்ட பூனை அல்லவா? இந்த முறை உதவியிடம் கேட்டுவிட்டேன்.

'கடைசியாகச் செய்ததை மீட்கும். எதுவும் போய்விடவில்லை, பயப்பட வேண்டாம். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்.'

குடித்தேன். அழுத்தினேன். போன அத்தியாயம் ஒரு கால்புள்ளி குறையாமல் வந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. எந்த மென்பொருள் தண்ணீர் குடிக்கச் சொல்லும்?

அதுவும் தமிழில். இத்தனை நாளும் அது ஆங்கிலத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு என் அலறலைக் கேட்டவர் ஒருவர்தான். பதறினால் என் விரல் எங்கே போகும் என்று தெரிந்தவரும், அந்த விசையின் வேலையையும் விளக்கத்தையும் மாற்றி எழுதக்கூடியவரும் அவர்தான்.

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

"நான் எதுவும் கேக்கலைங்க" என்றேன், சுவரைப் பார்த்து. "தண்ணி குடிச்சிட்டேன். அதைத்தான் சொல்றேன்."