அட்டைப்படத்துக் கை

இசைப் பத்திரிகைக்கு அட்டை வடிவமைக்கும் தமயந்தி, அந்தக் கச்சேரிப் படத்தில் பாடகியைவிட, அவருக்குப் பின்னால் கண்மூடித் தம்பூரா மீட்டிக்கொண்டிருந்த பெண்ணையே அதிக நேரம் பார்த்தாள். பாடகியை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கினாள். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது.

"கடையில தொங்கினா எடுத்துப் பார்க்காம போக மாட்டாங்க" என்றார்.

அனுமதி கேட்கத் தம்பூராக்காரர் அலர்மேலுவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பாடறவங்க படத்துல இருக்காங்களாம்மா?"

"இல்லைங்க, நீங்க மட்டும்தான்."



"அப்போ வேண்டாம்மா. ரொம்ப வருஷமா அவங்க பின்னாடிதான் உட்கார்றேன். இதைப் பார்த்தா அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

தமயந்தி முகத்தை நீக்கிவிட்டாள். கறுப்புப் பின்னணியில், தந்திகள்மேல் படிந்த விரல்களை மட்டும் வைத்தாள். இதழ் வந்த வாரமே விற்றுத் தீர்ந்தது.

அந்தக் கச்சேரிப் பாடகியே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "அட்டையில இருக்கற கையைப் பார்த்தாலே சுருதி கேக்குது. யாரு அது? எனக்குத் தம்பூரா போட வருவாங்களா?"

பெயர் தமயந்தியின் நாக்கு நுனிவரை வந்தது.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றாள்.