நான்காவது போர்டு

புத்தூரில் ஜிப்சம் போர்டு அடிக்கும் தணிகாசலத்தின் வீட்டில், பூசாத செங்கல் சுவரில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. இறந்துபோன மகள் மோனிஷா தலை சாய்த்துப் படித்த இடம். மனைவி காஞ்சனா நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், சுவரைப் போர்டு அடித்து மூடினான்.

மூன்றாம் நாள் வெள்ளைப் போர்டில், அதே உயரத்தில், எண்ணெய்க் கறை. போர்டை மாற்றினான். கறை மறுபடியும் வந்தது, ஒரு சாண் கீழே.

"கொழந்த உக்கார முடியாம சரிஞ்சிக்கினே போறா. இனிமே கழட்டாதய்யா," என்றாள் காஞ்சனா.

அவன் கேட்கவில்லை. மூன்றாவது போர்டில் கறை தரையோரம் இருந்தது. கடைசி வாரம் மோனிஷா பாயில் கிடந்தபோது தலை இருந்த உயரம். அதையும் கழற்றினான்.

நான்காவது போர்டு ஒரு மாதமாக வெள்ளையாகவே இருக்கிறது. காஞ்சனா எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.