முன்பாதி, பின்பாதி

“அவளுக்குத் தண்ணி வேணும்னா கொடு. உட்காருன்னு மட்டும் சொல்லிடாதே” என்றாள் அம்மா.

பேச்சு நின்றுபோன பழைய சிநேகிதி இன்று வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளோடு போட்ட சண்டை, மகள் பிறந்ததிலிருந்து கேட்டு வரும் கதை. வெளியே மழை தூறினால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

அம்மாவும் இந்தச் சிநேகிதியும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தார்கள். இணையப் பக்கம் செய்யத் தெரிந்தால் நல்ல கம்பெனிக்குப் போய்விடலாம் என்று இருவருக்கும் ஆசை. சொல்லித் தர ஆள் இல்லை. தலையணை கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. கூட்டாக வாங்கினார்கள்.

யார் வீட்டில் வைப்பது என்று முதல் நாளே சண்டை. கடையில் பைண்டிங் செய்பவர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் கத்தியை எடுத்துப் புத்தகத்தை நடுவில் அறுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்.

முன்பாதி முழுக்க டேக் என்கிற அடைப்புக்குறிக் கட்டளைகள். இணையப் பக்கத்துக்கு அதுதான் எலும்பு. பின்பாதி முழுக்க ஸ்டைல். எலும்புக்குப் போட வேண்டிய தோலும் துணிமணியும்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் பாதிகளை மாற்றிக்கொள்வார்கள். கடை முதலாளி இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். “முன்பாதி, அந்த லெட்டர் முடிஞ்சுதா? பின்பாதி, பிரிண்டர்ல பேப்பர் போடு.” அந்த வாரம் கையில் எந்தப் பாதியோ, அதுதான் பெயர்.

பிறகு ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஒரே இடம். இருவரும் விண்ணப்பித்தார்கள். புதன்கிழமை தேர்வு. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அம்மாவின் கதை.

“நான் போனேன். கொட்டற மழை. ரெண்டு மணி நேரம் நின்னேன். நெஞ்சோட அணைச்சும் புத்தகம் தொப்பலா நனைஞ்சு ஊறிப் போச்சு. அவ வரவே இல்லை. பின்பாதியைத் தானே வெச்சுக்கிட்டா.”

தேர்வில் ஸ்டைல் எழுத வேண்டிய இடத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. சிநேகிதிக்கு டேக் உதைத்தது. வேலை மூன்றாவதாக ஒருவனுக்குப் போனது. அவன் முழுப் புத்தகம் வாங்கியிருப்பான்.

அந்த ஞாயிறோடு மாற்றுவது நின்றது. பேச்சும் நின்றது. அம்மா முன்பாதியாகவும் அவள் பின்பாதியாகவும் நிலைத்துப் போனார்கள்.

வாசல் மணி அடித்தது.

நரைத்த தலை, கையில் துணிப்பை. வாசலில் நின்று அம்மாவையே பார்த்தாள் பின்பாதி. அம்மா சுவரைப் பார்த்தாள்.

“உட்காரச் சொல்ல மாட்டேன்னு தெரியும். முட்டி வலிக்குதுடி, நானே உட்கார்ந்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தப் பாதியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“வீடு மாத்தறேன். தூக்கிப் போட மனசு வரலை.”

அம்மா அதைத் தொடவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

“முதலாளி சாப்பிடப் போற முக்கால் மணி நேரம் ஞாபகம் இருக்கா?” என்றாள் பின்பாதி. “நீ புத்தகத்தைப் படிப்பே, நான் கம்ப்யூட்டர்ல அடிப்பேன்.”

“எங்கே அடிச்சே? டேக்கை மூடற ஒரு சாய்கோட்டை விட்டுட்டு, பக்கம் முழுக்க எழுத்து தடித்தடியா வந்து நின்னுது.”

“நீ படிக்கலைடி.”

“படிச்சேன்.”

“படிக்கலை.”

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் அதை நிறுத்தினார்கள்.

“நான் அன்னைக்கு வேணும்னேதான் வரலை” என்றாள் பின்பாதி. “உனக்குக் கிடைச்சுடுமோன்னு பயம். வீட்லயே உட்கார்ந்து படிச்சேன். என்ன மழை, ஜன்னலைத் திறக்க முடியலை. அப்புறம் நம்ம கடையில சொன்னாங்க, நீ ரெண்டு மணி நேரம் நனைஞ்சுக்கிட்டு நின்னியாம். எப்ப மழை பெஞ்சாலும் அதுதான் நினைப்பு. மன்னிச்சுடுடி.”

அம்மா என்ன சொல்லித் திட்டப்போகிறாளோ என்று மகள் நடுவில் வந்து நின்றாள்.

“விடு. நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்” என்றாள் அம்மா. மகள் வாயைப் பிளந்தாள்.

பின்பாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உன் பாதி இருக்கா? ஒரே ஒரு தடவை ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்கணும்.”

“அது எங்கேயோ கிடக்கு. ஒரே தூசி. அதை எதுக்கு இப்போ…”

“அலமாரி மேல துணியில கட்டி வெச்சிருக்கியேம்மா! இரு, நான் எடுக்கறேன்.”

“வேண்டாம்னு சொல்றேன்ல!”

அதற்குள் மகள் ஸ்டூல்மேல் ஏறிவிட்டாள். இத்தனை வருஷமாக யாரையும் தொட விடாத மூட்டை. இறக்கி, முடிச்சை அவிழ்த்து, மேஜைமேல் இருந்த பாதியோடு சேர்த்து வைத்தாள். முன்பாதியில் பாதியில் நின்ற வாக்கியம் பின்பாதியில் போய் முடிந்தது. அழகாகப் பொருந்தியது.

மகள் ஆசையாகப் பக்கங்களைப் புரட்டினாள். புரட்டும் வேகம் குறைந்தது. தாள்கள் ஓரம் மஞ்சளாகி, மொடமொடவென்று, அச்சகத்திலிருந்து வந்த நேர்த்தியோடு இருந்தன.

“ஏம்மா, தொப்பலா ஊறிப் போச்சுன்னியே… இதுல ஒரு சொட்டுக் கறைகூட இல்லையே?”

அம்மா தலை குனிந்து சேலை ஓரத்தைத் திருகினாள்.

பின்பாதி அந்தத் தாளை விரலால் ஒருமுறை தடவினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

“அன்னைக்கு அப்படி ஒண்ணும் பெரிய மழை இல்லை கண்ணு” என்றாள்.