சிலைக்கு வீசிய மாலை

துறைமுக வாசலில் வ.உ.சி. சிலையின் தலைப்பாகை மேல் காலை வெயில் ஏறிவிட்டது. இன்று அவர் பிறந்தநாள். பூக்கடை அய்யாக்குட்டி பெரிய செவ்வந்தி மாலையோடு கீழே நிற்கிறார். ஏணி வண்டி இன்னும் வரவில்லை. காத்திருக்கும் தொழிலாளர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி செல்போனில் குனிகிறார்கள். உப்புக்காற்றில் டீசல் மணக்கிறது. ஆரஞ்சுச் சட்டை போட்ட இந்துமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். கப்பல்களை இழுத்து வரும் இழுவைப்படகில் அவளுக்கு இன்று முதல் நாள். படகிலிருந்தே கயிற்று வளையத்தை வீசிக் கரைத்தூணில் மாட்டவேண்டும். “பொம்பள வீசினா வளையம் மாட்டுமா?” என்று நேற்று சிரித்த லிங்கராஜும் அதே படகில் இரவு வேலை முடித்து இங்கே நிற்கிறான். இந்துமதி பூக்காரரிடம் கை நீட்டுகிறாள். “மாலையக் குடுங்க அண்ணாச்சி, நான் போடுதேன்.” “கீழ விழுந்தா மரியாதையா இருக்காது தாயி.” “வெள்ளைக்காரனுக்கு எதிரா கப்பல் விட்டு, ஜெயில்ல செக்கும் இழுத்தவரு. இதுக்கா கோவிப்பாரு?” முதல் வீச்சு சிலையின் தோளில் பட்டுச் சரிகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அவள் விழுந்த மாலையை எடுக்கிறாள், உதிர்ந்த இதழைப் பறக்கவிட்டுக் காற்றின் போக்கைப் பார்க்கிறாள், ஓரடி தள்ளி நிற்கிறாள், வீசுகிறாள். செவ்வந்தி வட்டமாக விரிந்து, தலைப்பாகையைத் தாண்டி, கழுத்தில் போய் அமர்கிறது. அய்யாக்குட்டி தன்னையறியாமல் கும்பிடுகிறார். அந்நேரம் இழுவைப்படகு சங்கு ஊதுகிறது, இந்துமதி ஓடுகிறாள். “ஏளா, வெறுங்கையோட போகாத, கயிறு அறுத்துரும்!” லிங்கராஜ் தன் கிளவுஸைச் சுருட்டி எறிகிறான். ஓட்டத்தை நிறுத்தாமலே அவள் அதை ஒற்றைக் கையால் பிடிக்கிறாள்.