இன்னாசியின் தூக்குவாளி

"அடுத்தவுக தூக்குவாளி நம்ம வீட்டுல எம்புட்டு நாளைக்குத்தான் ஒக்காந்திருக்கும்? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

அடுக்களையிலிருந்து மாமியார் சின்னப்பிள்ளை சத்தம் போட்டாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சத்யா, பொங்கி வந்த சிரிப்பையும் துணியோடு சேர்த்து மடித்து வைத்தாள். இந்த ஏச்சு எப்போது விழும் என்றுதான் இத்தனை நாளாகக் காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்துர்றேன் அத்தை."

"வெறுந்தூக்கா தூக்கிட்டுப் போயிராத. கடல உருண்ட புடிச்சுத் தாரேன்."

குடுமியான்மலையில் வாழ்க்கைப்பட்ட சத்யாவுக்கும் ஆவூரில் வாழ்க்கைப்பட்ட இன்னாசியம்மாளுக்கும் புதுக்கோட்டை காலேஜில் ஒரே பெஞ்சு. ஒருத்தியை ஒருத்தி பார்க்காவிட்டால் அந்த நாளில் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் பிறகோ, பார்க்க வேண்டுமென்றால் ஒரு காரணம் வேண்டியிருந்தது. "என்ன விசேஷம்? போன்ல பேசிக்க வேண்டியதுதான?" என்று மாமியார் கேட்பாள். சின்னப்பிள்ளை தங்கமான மனுஷிதான். ஆனால் ஒருத்தி சும்மா கிளம்பி ஒரு வீட்டுக்குப் போவாள் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவே விளங்காது.

அந்த முடிச்சை அவிழ்த்ததே இந்தத் தூக்குவாளிதான். கல்யாணமான புதிதில் ஒருநாள், அடுக்களை அலமாரியில் இன்னாசியம்மாள் என்று பேர் வெட்டிய தூக்கு இருப்பதைச் சின்னப்பிள்ளைதான் கண்டுபிடித்தாள். கண்டதும் பதறிப்போய், மறுநாளே மருமகளை அவளே பஸ் ஏற்றிவிட்டாள். ஆவூரில் இன்னாசி அதைக் கையில் வாங்கி, பேரைப் படித்து, தன் மாமியாருக்கும் கேட்கும்படி, "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். கொஞ்ச நாளில் அதே தூக்கு நிறைய அதிரசத்தோடு அவளே குடுமியான்மலைக்கு வந்து, தூக்கை மறந்ததுபோல வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தவர் பாத்திரம் வீட்டில் தங்கக் கூடாது. திருப்பும்போது வெறுமையாகவும் திருப்பக் கூடாது. இரண்டு வீட்டு மாமியார்களும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. அப்புறம் தூக்குக்கு ஓய்வேது? அது போகும்போதெல்லாம் சத்யா போனாள், வரும்போதெல்லாம் இன்னாசி வந்தாள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, மாமியார்களே விரட்டி விரட்டி அனுப்பினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சத்யாவின் கணவன் எழிலரசன் அன்றைக்கு வாயைத் திறக்கிற வரைக்கும்.

"நாளைக்கு நான் ஆவூர்ப் பக்கந்தான் போறேன் ஆத்தா. நானே குடுத்துட்டு வாரேன். இவ எதுக்கு ரெண்டு பஸ் மாறி அலையணும்?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். சத்யாதான் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"எனக்கு அலைச்சலெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"அட, இருக்கட்டும். இனிமே அங்கிட்டுப் போறப்பல்லாம் நானே பாத்துக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"விராலிமலையில டீ குடிக்க எறங்குனேன் ஆத்தா. தூக்கு வண்டியிலதான் தொங்குச்சு. குடிச்சுட்டு வந்து பாத்தா காணோம்."

சின்னப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். "பெறத்தியார் பாத்திரத்தத் தொலச்சுட்டு வந்து நிக்கிறியேடா. புதுசு ஒண்ணு வாங்கி அவுக வீட்டுல சேத்துட்டு வந்துரு. அத்தோட முடிஞ்சுபோகும்."

அத்தோடு முடிந்துபோகும் என்பதுதான் சத்யாவுக்குக் கவலை. ஈடாகக் கொடுக்கிற பாத்திரம் கொடுத்த இடத்திலேயே தங்கிவிடும். அதுவும் எழிலரசன் கையால் போகும். கொல்லைப்பக்கம் போய் இன்னாசிக்குப் போன் போட்டாள்.

"தூக்கு தொலஞ்சிருச்சுடி."

மறுமுனையில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி விடு. அடுப்புல கொழம்பு கெடக்கு, வச்சுர்றேன்" என்று இன்னாசி வைத்துவிட்டாள்.

சத்யாவுக்கு அழுகை வந்தது. போனது ஒரு பாத்திரம் மட்டுமில்லை என்று அவளுக்குமா தெரியவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுத் தூக்கு வாங்க எழிலரசன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

இன்னாசியேதான். வேர்க்க விறுவிறுக்க நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி.

"வா தாயி. ஒன் மொகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு. இந்தப் பய ஒன் தூக்க..."

"அது கெடக்குதும்மா, பழசுதான? நான் வந்தது வேற சோலியா. சத்யா தூக்கு ஒண்ணு எங்க வீட்டுலயே கெடந்துச்சு. எங்க மாமியா பாத்துட்டு, அடுத்தவுக பாத்திரத்த ஏன் வச்சிருக்கன்னு ஒரே ஏச்சு. அதான் ஓடியாந்தேன்."

சின்னப்பிள்ளை வாங்கிப் பார்த்தாள். உள்ளே முறுக்கு. கழுத்தோரம் சத்யா என்று பேர் வெட்டியிருந்தது.

"ஏன்டி, ஒன் தூக்க அங்க விட்டுட்டா இம்புட்டு நாளா ஒண்ணுந் தெரியாம இருந்த? நல்ல புள்ள போ. அடுத்த வாரம் இதுல உருண்டையப் போட்டு, இவன் வாங்குற புதுத் தூக்கையும் எடுத்துக்கிட்டு நீயே போயிட்டு வா. இவன நம்பி இனி ஒரு கரண்டியக்கூடக் குடுத்துவிட மாட்டேன்."

சத்யா தூக்கை வாங்கினாள். எழுத்தின் பிசிறு விரலில் புதிதாக உறுத்தியது. இப்படி ஒரு தூக்கை அவள் ஆயுசில் கண்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். இன்னாசி இமை கொட்டாமல் நின்றாள்.

"ஆமா அத்தை, இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள் சத்யா.

கல்யாணமான புதிதில் புதுக்கோட்டை கீழ ராஜவீதிக் கடையில் புதுத் தூக்கு ஒன்று வாங்கி, அதில் இன்னாசியம்மாள் என்று பேர் வெட்டச் சொல்லி, மாமியார் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தவளே சத்யாதான்.