லாபம், ஒண்ணு, ரெண்டு

"லாபம்... ஒண்ணு... ரெண்டு..."

"ஏலே காசிலிங்கம், நிறுத்துலே!" சிப்பி வியாபாரி அஹமது கபீர் போட்ட சத்தத்தில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. "லாபம்னாலே ஒண்ணுதாம்லே! பொறவு என்ன தனியா இன்னொரு ஒண்ணு?"

"நாக்கு பழகிப்போச்சு மொதலாளி." சிப்பி எண்ணும் காசிலிங்கம் தலையைச் சொறிந்தான்.

யுத்தம் முடிந்து வந்த முத்துக்குளிப்பு அது. தூத்துக்குடியில் எல்லாரும் முத்துக் கனவோடு பாதித் தூக்கத்தில் நடப்பவர்கள் போலத்தான் இருந்தார்கள். மூடிக் கிடக்கும் சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கருப்பட்டி வியாபாரி பால்துரையும் ஆறு கூட்டாளிகளோடு ஒரு குவியல் வாங்க வந்திருந்தார்.

குவியலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது சிப்பி.

"அதென்ன கணக்கு மொதலாளி? முழுசா மூவாயிரம்னு வச்சா ஆகாதா?" பால்துரை கேட்டார்.

கபீரின் கோபம் சட்டென்று இறங்கியது. பார்வை கடல் பக்கம் போனது.

"அது தங்கமான எண்ணு. ரெண்டு பேர் வந்தாலும் சரி, ஏழு பேர் வந்தாலும் சரி, பத்து பேர் வரைக்கும் மிச்சமில்லாமப் பிரியும். மூவாயிரத்த ஏழா பிரிச்சுப் பாரும், தெரியும். சில நேரம் அந்த எண்ண நெனைச்சுக்கிட்டே சும்மா ஒக்காந்திருப்பேன். அவ்வளவு அழகு!"

ஏழு பேரும் பங்கு போட்டார்கள். ஆளுக்கு முந்நூற்று அறுபது. ஆனாலும் ஒரு சிப்பி மிஞ்சியது. காசிலிங்கத்தின் அந்த 'லாபம்'தான்.

ஒற்றைச் சிப்பியை ஏழாகவா பிளப்பது? முன்னால் வந்தவர்கள் செய்தது போலவே பால்துரையும் அதை எடுத்துப்போய், ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த சந்தனமரியிடம் நீட்டினார். கபீரின் தோணியிலிருந்து முத்துக்குக் குதித்த அவள் புருஷன் மேலே வரவே இல்லை. பாவம், இரண்டு பிள்ளைகள்.

அவள் கையை நீட்டவில்லை.

"இது அந்த மொதலாளி குடுத்ததில்லையே அண்ணாச்சி? அவரு கையால பச்சத்தண்ணிகூட வாங்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவரா குடுப்பாரு? பங்குல மிஞ்சினது, பிடி. அந்தா, இந்த ஒரு சிப்பிக்குத்தான் கத்துதாரு, கேக்கலியா?"

"குவியலுக்கு ஒரு சிப்பி நட்டம்! இப்படி எண்ணுனா நான் கடையக் கட்ட வேண்டியதுதான்!" கபீரின் குரல் காற்றில் வந்தது.

சந்தனமரி சிரித்துவிட்டாள். சிப்பியை வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினாள்.

"ஒரே ஒரு முத்து கெடந்தாப் போதும் அண்ணாச்சி. புன்னைக்காயல்ல சொந்தமா ஒரு வலை வாங்கிருவேன். எம் பிள்ளையள முத்துக்குளிக்க விடவே மாட்டேன்."

பால்துரைக்கு மனசு கேட்கவில்லை. நேரே கபீரிடம் வந்தார்.

"செத்தவன் பொண்டாட்டிக்கு ஒத்தச் சிப்பி போறதுக்கா மொதலாளி இத்தனை சத்தம் போடுதிய? நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

பால்துரை காறித் துப்பிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் காசிலிங்கம் மெதுவாகக் கேட்டான்.

"ஊரே ஒங்கள மகா கஞ்சன்னு ஏசுது மொதலாளி. நாளையிலேருந்து சரியாவே எண்ணிரட்டுமா?"

"வேண்டாம்லே. தப்பாவே எண்ணு. எத்தனை பேரு வந்து பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சணும். அதுக்குத்தானலே அந்த எண்ணு!"

"அப்ப சத்தமாவது போடாம இருங்களேன்."

கபீர் தூரத்தில் ஓலைப்பெட்டியோடு போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சத்தம் கேட்டாத்தாம்லே அவ வாங்குவா."