இடக்கையால் எடுத்த பூ

முதல் தடவை வெள்ளைதான் வந்தது.

அம்மன் காலடியில் இரண்டு இலைப் பொட்டலங்கள் கிடந்தன. அக்கா மகள் பூமாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி ஒச்சாண்டி பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை.

வெள்ளை வந்தால் நான் மதுரைக்குப் போய் பி.எஸ்.சி. கணக்குப் படிக்கலாம். செவ்வரளி வந்தால் ஆவணியில் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா ஊரறியச் சொன்ன பேச்சு அது.

எனக்குப் பூப்போட்டுப் பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரியென்று தலையாட்டினேன். பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ வந்த புதுசு அது. நிகழ்தகவு நடத்தும்போது ஜெபராணி டீச்சர் காசைச் சுண்டிக் காட்டினார். பூவா தலையா, பாதிக்குப் பாதி. அப்பாவிடம் கேட்டால் எனக்குக் கிடைப்பது பூஜ்யம். அம்மனிடம் கேட்டால் இரண்டில் ஒன்று. எந்த மடச்சி வேண்டாம் என்பாள்?

அதோடு, அம்மன் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அக்கா டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்ட வருஷம் சிவப்பு வந்ததாம். அவள் அழுதுவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போது பூமாரி வயசு. கோயிலில் வெல்லம் தின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வெள்ளையைப் பார்த்ததும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"பிள்ளை இடக்கையால எடுத்துருச்சு. செல்லாதுத்தா" என்றார் அப்பா.

பொட்டலங்களைக் குலுக்கி மறுபடி போட்டார்கள். போகட்டும் என்று நினைத்தேன். போன தடவை எப்படி விழுந்தோம் என்று காசுக்கு ஞாபகம் இருக்காது, டீச்சர் சொல்லியிருக்கிறார். இப்போதும் பாதிக்குப் பாதிதான்.

மறுபடியும் வெள்ளை.

தாய்மாமன் இல்லாமல் கேட்டது தப்பு என்று இப்போது ஆரம்பித்தார்கள். முதல் தடவை போடும்போது அது யாருக்கும் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

சுருளியாண்டி மாமா கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கவேண்டும். என் படிப்பு அந்த ஓட்டை பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தது. சும்மா நிற்க முடியாமல் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று தடவையும் வெள்ளையே வர எட்டில் ஒன்று. நான்கு தடவையும் என்றால் பதினாறில் ஒன்று. சிவப்பு விழும்வரை போட்டுக்கொண்டே இருந்தால்? விழாமலா போகும்? அதற்கு நிகழ்தகவு ஒன்று என்று எழுதினால் ஜெபராணி டீச்சர் முழு மார்க் போடுவார்.

இது தெரியாமல் பாதிக்குப் பாதி என்று தலையாட்டியிருக்கிறேன். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமா வந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது தடவை அரளி வந்தது.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஆத்தாளே வாய் திறந்து சொல்லிவிட்டாள் என்று அப்பா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூமாரி இந்தத் தடவையும் இடக்கையால்தான் எடுத்தாள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எப்படிப் படும்?

பூசாரி பூமாரியின் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்தார். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவள் அக்காவின் முந்தானையை இழுத்தாள். இப்பவாவது சரியாக எடுத்தேனா என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னாள்.

"ஒஞ் சித்தியும் எனக்குப் பூப்போட்ட அன்னைக்கு மூணாவது தடவைதான் சரியா எடுத்தா."